மரம் உங்கள் காலுக்குக் கீழே நின்றது

காளான் கேள்வி – பதில்

கேள்வி: அக்கா, வாட்சோவுக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் ஓகஸ்ட் கடைசிக் கிழமை நடந்துகொண்டிருந்தபோது செக்கச்செவேலென்று ஒரு சின்னக் காளானைக் கண்டேன். சுற்றிலும் மரமே இல்லை. கல்லும் பாசியும் கிறெக்லிங் பழச் செடியும்தான். படம் அனுப்பியிருக்கிறேன். இதற்கு என்ன பெயர்? சாப்பிடலாமா? சிவப்பாக இருப்பதால் நஞ்சு என்று என் மகன் சொல்கிறான். – ஒரு வாசகி, வாட்சோ, வட நோர்வே

பதில்: சாப்பாட்டுக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம், தங்கச்சி. சாப்பிட வேண்டாம். படத்தைப் பார்த்து நான் யாருக்கும் ‘சாப்பிடலாம்’ என்று எழுதியதில்லை, எழுதவும் மாட்டேன். ஆனால் மகன் சொல்கிற காரணம் சரியில்லை. நிறத்தை வைத்து நஞ்சைக் கண்டுபிடிக்க முடியாது. செம்மஞ்சள் குடை வைத்த ரூட்ஸ்க்ரூப் காளானை நோர்வே முழுக்க நன்றாக வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள். ஆளைக் கொல்லுகிற ஹ்வீட் ஃப்ளூஎசொப் பால்போல வெள்ளை. இதை மகனுக்குச் சொல்லுங்கள். அவன் இனி வெள்ளையிலும் கவனமாக இருப்பான்.

இனிப் பெயர். நீங்கள் அனுப்பிய படம் நேர் மேலேயிருந்து எடுத்தது. ஒரு சிவப்பு வட்டம், சுற்றிவரப் பாசி. ஒருவரின் உச்சந்தலையை மட்டும் படமெடுத்து, இவர் யாருடைய பிள்ளை என்று கேட்டால் எப்படிச் சொல்வது? ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்தியது: ‘சுற்றிலும் மரமே இல்லை.’

மரம் இருந்தது, தங்கச்சி. உங்கள் காலுக்குக் கீழே இருந்தது.

நானும் வராங்கர் பக்கம்தான் இருக்கிறேன். உங்கள் கடிதம் வந்த கிழமையே, செப்ரெம்பர் முதல் சனிக்கிழமை, அந்த மேட்டுக்குப் போனேன். கடைசிப் பேர்ச் மரத்தையும் தாண்டி ஏறினால் காற்று மட்டும்தான். நீங்கள் சொன்ன மாதிரியே கிறெக்லிங், குருநெல் மாதிரிக் கறுப்புப் பழத்தோடு, தரை முழுக்கப் பாய் விரித்துக் கிடந்தது. வசந்தத்தில் பனி கடைசியாகக் கரைகிற ஒரு பள்ளத்தில் முழங்காலைக் குத்தி உட்கார்ந்தேன். பாசிக்கு நடுவே நகத்தளவு வட்ட இலைகள், இரண்டிரண்டாக, பளபளவென்று. இழுத்துப் பார்த்தால் வராது. விரலால் பாசியை விலக்கினால், பென்சில் அளவு மொத்தத்தில் ஒரு மரக்கொம்பு மண்ணுக்குள் படுத்துக்கொண்டே ஓடுகிறது. அது வில்லோ மரம். வெளியே தெரிகிற உயரம் நாலைந்து சென்ரிமீற்றர் வந்தால் பெரிய காரியம்.

நோர்வேக்காரர் இதை ‘மூஸ்ஓரெ’ என்கிறார்கள். சுண்டெலியின் காது என்று அர்த்தம். ஊரில் எலிச்செவி என்று ஒரு கீரை தரையோடு தரையாகப் படர்வது ஞாபகம் இருக்கிறதா? இரண்டு செடிக்கும் ஒரு சொந்தமும் இல்லை. ஆனாலும் இலையைப் பார்த்தவர்களுக்கு இரண்டு நாட்டிலும் எலியின் காதுதான் தோன்றியிருக்கிறது. 1732 இல் லாப்லாந்து முழுக்க அலைந்த ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இதை மரங்களிலேயே மிகச் சிறியது என்றார். அவர் மரம் என்றே சொன்னதை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஏனென்றால் உங்கள் சிவப்புக் காளான் அந்த மரத்தோடுதான் குடித்தனம் நடத்துகிறது.

காளான் என்று நாம் பார்ப்பது பழம் மாதிரி. உயிர் மண்ணுக்குள் இழை இழையாக ஓடுகிறது. அந்த இழைகள் வில்லோவின் வேர் நுனியைத் துணி சுற்றுவதுபோலச் சுற்றிக்கொள்கின்றன. வடக்கு மண்ணில் குளிர் அதிகம், எதுவும் சீக்கிரம் உக்காது. அதனால் செடிக்கு வேண்டிய சத்தெல்லாம் பூட்டிக் கிடக்கிறது. இந்த இழை உயிர்தான் பங்கசு; அது அந்தச் சத்தைத் தேடி எடுத்துக் கொடுக்கிறது. மரம் வெயிலில் சமைத்த சீனியில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கிறது. 1885 இல் ஃப்ராங்க் என்ற ஜெர்மன்காரர் இந்தக் கூட்டுக்கு மைக்கோரைசா என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் பங்கசும் வேரும் என்று பொருள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. உங்கள் கண்ணுக்கு முதலில் தெரிந்தது கிறெக்லிங் செடி. அதைத்தான் கடிதத்திலும் எழுதியிருக்கிறீர்கள். கிறெக்லிங்கின் வேரில் வாழும் பங்கசுக்கள் வேறு வகை, அவை குடை விரிக்கிற வகை இல்லை. தரை முழுவதும் அதுவே நிறைந்திருக்கும், ஆனால் உங்கள் காளானுக்கு அது யாரோ எவரோ. ஆர்க்டிக் வெளியில் பத்துப் பேர் ஏமாறுகிற இடம் இது. கிறெக்லிங்கை விலக்கிவிட்டுக் கீழே பாருங்கள். மூஸ்ஓரெ இருக்கிறதா, குறும்பேர்ச் இருக்கிறதா, வெள்ளைப் பூப் பூக்கிற ரைன்ரோசெ இருக்கிறதா? அதைக் கண்டுபிடித்தால் காளானின் பெயர் பாதி தெரிந்த மாதிரி.

அந்தப் பள்ளத்தில் எனக்கு மூன்று சிவப்புக் காளான் கிடைத்தது. ஒன்றை எடுத்து, வாடுவதற்கு முன், அந்த இடத்திலேயே எழுதியதை அப்படியே தருகிறேன். அடுத்த முறை நீங்களும் இப்படி எழுதி அனுப்புங்கள்.

“குடை 4 சென்ரிமீற்றர். விளிம்பு இரத்தச் சிவப்பு, நடு வெளிறி இளஞ்சிவப்பாக, ஓரிடத்தில் ஏறக்குறைய வெள்ளையாக. மழையில் வெளுத்திருக்கலாம். நடு கொஞ்சம் குழிந்திருக்கிறது. ஈரத்தில் பளபளப்பு, புல் ஒட்டியிருக்கிறது. விளிம்பில் நகம் வைத்து இழுத்தால் தோல் பாதிவரை உரிகிறது. செவுள் சுத்த வெள்ளை. தண்டு 3 சென்ரிமீற்றர், வெள்ளை, சிவப்புப் படியவில்லை. வளையம் இல்லை. அடியில் பை இல்லை. ஒடித்தால் நாரில்லாமல் ‘டக்’கென்று உடைகிறது. உடைந்த இடத்தில் பால் வரவில்லை, நிறம் மாறவில்லை. அடியில் மூஸ்ஓரெ, ஒரு சாண் தூரத்துக்குள். பேர்ச் இல்லை. பனிப் பள்ளம், வடக்கு நோக்கிய சரிவு.”

செவுள் என்பது குடைக்குக் கீழே தகடு தகடாக இருப்பது. இங்கே மீன் தொழிற்சாலையில் நின்றவர்களுக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. நானும் பதினொரு வருஷம் கோட் மீன் வெட்டியவள்தான். காளானைத் திருப்பினால் அதேமாதிரிதான் இருக்கும்.

இதில் எந்தக் குறிப்புக்கு எவ்வளவு பாரம் என்று சொல்கிறேன். எனக்கு மிகவும் முக்கியமானது அந்த ‘டக்’. பெரும்பாலான காளானின் தண்டை ஒடித்தால் நார் நாராகக் கிழியும், கோழி இறைச்சி மாதிரி. இது சோக்குக்கட்டி மாதிரி உடைகிறது. காரணம், இதன் சதைக்குள் நீண்ட இழைகளுக்கு இடையே உருண்டைக் கலங்கள் கொத்துக் கொத்தாக அடைந்திருக்கின்றன. நார் ஓடுவதற்கு இடமில்லை. இப்படி உடைபவை முக்கியமாக இரண்டு இனங்கள்: உடைத்தால் பால் கசிந்தால் லக்டாரியஸ், கசியாவிட்டால் ருசுலா. நோர்வேயில் ருசுலாவை க்ரெம்லெ என்பார்கள். ஆக, ஒரு தண்டை ஒடித்ததிலேயே வடக்கிலுள்ள நூற்றுக்கணக்கான காளான்களைக் கழித்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்து குடையை வெட்டி, செவுள் கீழே பார்க்கக் கண்ணாடித் தட்டில் கவிழ்த்து, மேலே கோப்பையை மூடி வைத்தேன். காலையில் தட்டில் வெள்ளைப் பொடியால் சக்கரம் போட்ட மாதிரி ஒரு கோலம். அதுதான் வித்திப் பதிவு. வித்தி என்பது காளான் பரவுவதற்கு உதிர்க்கிற, விதை மாதிரியான பொடி. அதில் ஒரு துளியை அயடீன் கலந்த திரவத்தில் போட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். வித்தியின் மேல் முள்ளும் பருவுமாக, அவற்றை மெல்லிய கோடுகள் இணைத்து, எல்லாம் கருநீலமாக. பலாக்காயைத் தூரத்தில் வைத்துப் பார்ப்பதுபோல இருக்கும். நான் அளந்தவை நீளத்தில் ஏறக்குறைய 8 மைக்ரோமீற்றர். நூற்றிருபத்தைந்து வித்தியை வரிசையாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீற்றர் வரும்.

சுவை ஒன்று மீதி. ஒரு அரிசி அளவு துண்டை நாக்கு நுனியில் வைத்து, கடித்து, துப்பினேன். முதல் நாலைந்து விநாடி ஒன்றுமில்லை. பிறகு கொச்சி மிளகாய்போல எரிவு. இதை நீங்கள் செய்யக் கூடாது. க்ரெம்லெ என்பதில் ஒரு துளி சந்தேகமும் இல்லாதபோது, பழகியவர்கள் செய்கிற சோதனை இது. ‘எரிக்காத க்ரெம்லெ நல்லது’ என்று இங்கே சொல்கிற விதியும் இந்த நாடுகளுக்கு மட்டும்தான். ஜப்பானில் தசையையே அழித்து ஆளைக் கொல்லுகிற ஒரு ருசுலா இருக்கிறது. விதிகளை ஊர் விட்டு ஊர் கொண்டுபோக முடியாது.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் நான் எடுத்தது ருசுலா நானா. நானா என்றால் லத்தீனில் குள்ளம். ஊரில் முஸ்லிம் பிள்ளைகள் மூத்தவனைக் கூப்பிடுகிற நானா வேறு. குள்ள மரத்துக்குக் குள்ளக் காளான். இது நோர்வேக்கு வடக்கே உள்ள ஸ்வால்பார்ட் தீவுகளிலும் கிறீன்லாந்திலும் ஐஸ்லாந்திலும் இருக்கிறது. ஆல்ப்ஸ் மலையில், மரங்கள் நின்றுபோகிற உயரத்துக்கு மேலேயும் இருக்கிறது. இந்த ஊர்களுக்கு இடையே ஆயிரக்கணக்கான கிலோமீற்றர், ஆனால் தரையோடு படுத்த வில்லோவும் ரைன்ரோசெயும் எல்லா இடத்திலும் உண்டு. இதன் பெரிய சொந்தக்காரன் கிஃப்ட்க்ரெம்லெ, காட்டுக்குள் ஈரப் பாசியில் பைன், ஸ்ப்ரூஸ் மரங்களோடு வளர்வது. அதன் தண்டு நீளம், குடை பெரிது, எரிவு ஒன்றே.

உங்கள் படத்திலிருப்பதும் ருசுலா நானாவாக இருக்கலாம்; இடமும் நிறமும் அளவும் பொருந்துகின்றன. ஆனால் அதே வெளியில் சிவப்பு மெழுகுக் காளான்களும் முளைக்கின்றன. அவற்றின் செவுள் தடித்து, இடைவெளி விட்டு, தொட்டால் மெழுகுபோல இருக்கும். அதனால் அடிப்பக்கத்தைப் பார்க்காமல் ‘இதுதான்’ என்று எழுத மாட்டேன். அடுத்த முறை நாலு படம் எடுங்கள்: மேலே, கீழே, தண்டின் அடி, பிறகு காளானைச் சுற்றி ஒரு சாண் தரை. நாலாவது படத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

கேள்வி: மலையில் குறும்பேர்ச் செடியைவிட உயரமான ஒரு காளான்! என் முழங்காலுக்குக் கீழே காடு, காட்டுக்கு மேலே காளான். படத்தை ஒருவரும் நம்பவில்லை. – ஒரு வாசகர், ட்ரொம்சோ

பதில்: நான் நம்புகிறேன், தம்பி. குறும்பேர்ச் சில இடங்களில் கணுக்கால் அளவுகூட வராது. அதோடு வாழும் லெக்சினம் காளான் ஒரு சாண் உயரத்துக்கு எழும்பும். உங்கள் படத்தில் குடைக்கு அடியில் செவுள் இல்லை, கடற்பஞ்சு மாதிரித் துளைகள். தண்டில் கறுப்பும் சாம்பலுமாகச் சொரசொரப்பு. அந்த இரண்டுமே லெக்சினம் என்று சொல்லப் போதும். மரக்கோட்டுக்கு மேலே குறும்பேர்ச்சோடு வருகிற ஒன்றுக்கு லெக்சினம் ரொட்டுண்டிஃபோலியே என்று பெயர். வட்ட இலைப் பேர்ச்சின் பெயரைத் தனக்குச் சூடிக்கொண்ட காளான். உங்களுடையது அதுவா, கீழே காட்டிலிருந்து ஏறிவந்த ப்ரூன்ஸ்க்ரூப்பா என்று சொல்ல, அதைப் பிளந்து சதையின் நிற மாற்றத்தைப் பார்க்க வேண்டும். முதிர்ந்ததைத் தொடாதீர்கள், அநேகமாக உள்ளே புழு குடியிருக்கும்.

கேள்வி: ஹொனிங்ஸ்வோக்கில் கறுப்புக் கரி மண்ணில் எலுமிச்சை மஞ்சளாகக் குட்டிக் குட்டிக் காளான்கள். சட்டைப் பொத்தானைவிடச் சிறியவை. அடியில் பச்சை நிறத்தில் ஏதோ பூசியது மாதிரி இருந்தது. பாசி பிடித்துப் பழுதாகிவிட்டதா? – ஒரு மாணவி

பதில்: பிள்ளை, அந்தப் பச்சையைக் கவனித்து எழுதியதற்காகவே உங்களுக்கு ஒரு நன்றி. பலர் மஞ்சளை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அது பழுதும் இல்லை, அழுக்கும் இல்லை. அதுதான் அந்தக் காளானின் வீடு.

ஒரு பூதக்கண்ணாடி எடுத்துக்கொண்டு போய், வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்துப் பாருங்கள். பச்சைப் பூச்சு என்று நினைத்தது குண்டூசித் தலையைவிடச் சிறிய உருண்டைகளாகத் தெரியும். ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் கொக்கோமிக்சா என்ற ஒற்றைக்கலப் பச்சை அல்கா, அதைச் சுற்றிப் பங்கசின் இழை. அதாவது இது லைக்கன். பாறையில் சாம்பல் திட்டாகப் படிகிறதே, ரெயின்டியர் தின்கிறதே, அந்த இனத்துக் கூட்டு வாழ்க்கை. லைக்கன்களில் பங்கசுப் பக்கம் பெரும்பாலும் கிண்ணம் மாதிரிப் பழம் வைக்கிற வகை. குடை விரித்துச் செவுளோடு நிற்கிற லைக்கன் மிகச் சொற்பம். இந்த இனத்துக்கு லைக்கெனொம்பாலியா என்று பெயர். முதல் கேள்வியில் சொன்ன சிவப்புக் காளானுக்கு மரத்தின் வேர் வேண்டும். இதற்கு மரமே வேண்டாம், தன் தோட்டத்தைத் தானே காலடியில் வைத்திருக்கிறது.

உங்களுடையது லைக்கெனொம்பாலியா அல்பினாவாக இருக்க வேண்டும். குடை ஒரு சென்ரிமீற்றர், நடுவில் குழிவு, விளிம்பிலிருந்து நடுவுக்குக் கோடுகள். செவுள்கள் மிகவும் இடைவெளி விட்டு, எண்ணிவிடலாம்போல, தண்டின் மேலே கொஞ்ச தூரம் இறங்கி வரும். முழுக்கத் தெளிந்த மஞ்சள் என்பது இதன் அடையாளம். நிறம் மங்கி, வைக்கோல் நிறத்திலோ தவிட்டு நிறத்திலோ இருந்தால் அதன் சகோதரம் லைக்கெனொம்பாலியா அம்பெல்லிஃபெரா. அதை 1753 இலேயே லின்னேயஸ் பெயரிட்டுவிட்டார். அவர் அதை வெறும் காளான் என்றே நினைத்தார். காலடியில் இருக்கிற பச்சைக்கும் குடைக்கும் உள்ள சொந்தம் தெரிய அதன் பிறகு நெடுங்காலம் எடுத்தது. அது வரையில் அந்தப் பச்சை உருண்டைகளுக்கு வேறொரு பெயர் வைத்து, வேறொரு உயிர் என்றே புத்தகங்களில் எழுதி வைத்திருந்தார்கள்.

பிடுங்காதீர்கள். படம் போதும். பச்சையும் தண்டின் அடியும் ஒரே படத்தில் தெரிய வேண்டும்.

கேள்வி: ரெயின்டியர் தின்ற காளானை நாங்களும் தின்னலாம்தானே? – வாசகர், ஆல்டா

பதில்: தின்னக் கூடாது. ரெயின்டியர் ஓகஸ்ட், செப்ரெம்பரில் காளானுக்காக மந்தையை விட்டே ஓடும். நமக்குக் கெடுதி செய்கிற சிவப்பு ஃப்ளூஎசொப்பையும் மென்றுவிட்டு நடக்கும். அதன் வயிறு வேறு, நம் வயிறு வேறு. நத்தை கடித்த அடையாளம், வெள்ளிக் கரண்டி கறுப்பது, வெங்காயம் நீலமாவது என்று ஆட்கள் சொல்கிற சோதனை எல்லாமும் இதே கணக்குத்தான், நம்பக் கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது. 1986 இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது காற்றில் வந்த சீசியம் நோர்வேயின் நடுப்பகுதி மலைகளில் அதிகம் படிந்தது, வடகோடியில் நாங்கள் இருக்கிற பின்மார்க்கில் குறைவு. காளான் அந்தச் சீசியத்தை மண்ணிலிருந்து உறிஞ்சி வைத்துக்கொள்கிறது, ரிம்சொப் என்ற காளான் குறிப்பாக அதிகம். அதனால் அந்தப் பகுதிகளில் காளான் நிறைய முளைத்த வருஷத்தில் ரெயின்டியர் இறைச்சியிலும் அளவு ஏறும். இறைச்சியை அளந்து பார்த்துத்தான் விற்பனைக்கு விடுகிறார்கள். வெடித்து இத்தனை வருஷத்துக்குப் பிறகும்.

கேள்வி: இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் வடதுருவத்துக்கு அருகே இருப்பதாகப் பாடத்தில் படித்தேன். அவ்வளவு குளிரில் காளான் முளைக்குமா? முளைத்தால் யார் பெயர் வைப்பது? – தாவரவியல் மாணவர், சென்னை

பதில்: முளைக்கும், தம்பி. ஹிமாத்ரி 2008 இல் ஸ்வால்பார்டின் நீ ஓலசுண்டில் திறக்கப்பட்டது. 79 பாகை வட அகலாங்குக்குக் கொஞ்சம் கீழே. அங்கே தலைக்கு மேல் ஒரு மரமும் இல்லை. காலடியில் புலார்வீயெர் என்கிற துருவ வில்லோ இருக்கிறது, ரைன்ரோசெ இருக்கிறது. ஆகவே காளானும் இருக்கிறது. ஜூலை கடைசியிலிருந்து செப்ரெம்பர் தொடக்கம்வரை, அவ்வளவுதான் காலம். நான் ஒருமுறை ஸ்வால்பார்டின் லொங்யேர்பியன் ஊருக்குப் போனபோது, ஊர் எல்லைக்குள்ளேயே, தெருவோரச் சரிவில் துருவ வில்லோவுக்குள் முளைத்த காளான்களைப் பார்த்தேன். ஊர் எல்லை தாண்டினால் பனிக்கரடிக்கு எதிரான தற்காப்போடுதான் போக வேண்டும். குனிந்து காளான் தேடுகிறவளுக்கு அது வசதிப்படவில்லை.

சிவப்பும் மஞ்சளும் கண்ணில் படும். ஆனால் அந்த நிலத்தில் அதிகம் இருப்பவை சின்னச் சின்னப் பழுப்புக் காளான்கள்: இனோசைபே, ஹெபெலோமா, கோர்ட்டினாரியஸ். மூன்றையும் எனக்கு மேசையில் பரப்பி வைத்தால், இனத்தைச் சொல்லுவேன். அதற்குக் கீழே போக நுணுக்குக்காட்டி வேண்டும், பல நேரம் அதுவும் போதாது. 2012 முதல், மரபணுவில் ஐடிஎஸ் என்ற ஒரு சிறு பகுதியைப் பங்கசுக்களின் பொது அடையாளமாக உலக ஆய்வாளர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். காய்ந்த காளானில் ஒரு அரிசித் துண்டு போதும், அதைப் படித்துவிடலாம். ஆனால் அந்தத் துண்டோடு கூட வந்த குறிப்பு வெறுமையாக இருந்தால், படித்த எழுத்துக்களும் பாதி வெறுமையாகத்தான் இருக்கும். எந்தச் செடியோடு நின்றது என்பதை மரபணு சொல்லாது.

யார் பெயர் வைப்பது என்று கேட்டீர்கள். கவனமாக விவரித்து, மாதிரியைக் காயவைத்து ஓர் அருங்காட்சியகத்தில் சேர்த்து, முறைப்படி வெளியிடுகிறவர் யாரும் வைக்கலாம். டென்மார்க்கைச் சேர்ந்த மோர்ட்டன் லாங்கே 1946 இல் கிறீன்லாந்துக்குப் போய்ச் சேர்த்த காளான்களை வைத்து 1948 இலிருந்து 1957 வரை மூன்று பகுதிகளாக நூல் வெளியிட்டார். பிற்காலத்தில் அவர் டென்மார்க் பாராளுமன்றத்திலும் இருந்தார். சுவிற்சர்லாந்தின் ஜூல் ஃபாவ்ர் 1955 இல் ஆல்ப்ஸ் உச்சியின் காளான்களை எழுதினார். துருவத்தைப் பற்றி எழுதியவரும் மலையுச்சியைப் பற்றி எழுதியவரும் பல இடங்களில் ஒரே காளானைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1980 இல் அலாஸ்காவின் பாரோ ஊரில் இந்த இரண்டு நிலத்துக்காரரும் சேர்ந்து முதல் சர்வதேசக் கூட்டம் நடத்தினார்கள். அந்த ஊருக்கு இப்போது உட்கியாக்விக் என்று அதன் சொந்தப் பெயர் திரும்பிவிட்டது.

கேள்வி: அக்கா, நான் கொண்டுவரும் காளான்கள் வீட்டுக்கு வருவதற்குள் கூழாகிவிடுகின்றன. அதோடு, ஊரில் மழைக்குப் பிறகு புற்றில் முளைக்கிற வெள்ளைக் காளானை அம்மா கறி வைப்பா. அதேமாதிரி வெள்ளை இங்கேயும் கண்டேன். எப்படிச் சரியாக எடுத்து வருவது? – வாசகி, வார்டோ

பதில்: புற்றுக் காளானின் ருசி எனக்கும் நாக்கில் நிற்கிறது. தேங்காய்ப் பால் விட்டு, இடி முழங்கின அடுத்த நாள். அந்தக் காளான் கறையான் வளர்க்கிற காளான். கறையான் கூட்டில்தான் அது உண்டு. வட நோர்வேயில் கறையானே இல்லை. ஆகவே இங்கே நீங்கள் கண்ட வெள்ளை எதுவாக இருந்தாலும், அம்மா கறி வைத்தது அது இல்லை. இதை எங்கள் ஆட்கள் எல்லாரிடமும் சொல்லுங்கள், தயவுசெய்து. ஹ்வீட் ஃப்ளூஎசொப் தின்றவருக்கு அடுத்த சில மணி நேரம் ஒன்றும் தெரியாது. ஸ்பிஸ் யிஃப்ட்ஸ்லூர்சொப் என்ற இன்னொரு நஞ்சுக் காளானைத் தின்றவருக்குப் பல நாள் ஒன்றும் தெரியாது. தெரிய வரும்போது சிறுநீரகம் போயிருக்கும்.

எடுத்து வருகிற முறைக்கு என்னுடைய ஒரு நாளைச் சொல்கிறேன். சொப்கொன்ட்ரோல் மேசையில், அதாவது ஆட்கள் பறித்துவரும் காளானைச் சோதித்துச் சொல்கிற இடத்தில், உட்காரத் தேர்வு எழுதுவதற்கு முந்தைய வருஷம். மூஸ்ஓரெ படர்ந்த ஒரு சரிவில் ஒரு காளானைக் கண்டேன். வெளிறிய சாம்பல் குடை, விளிம்பில் சீப்பால் வாரினதுபோலக் கோடுகள், வெள்ளைச் செவுள், வளையம் இல்லை. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. 1820களில் ஸ்கொட்லாந்து மலையில் கண்டு க்ரெவில் என்ற தாவரவியலாளர் பெயரிட்ட அமானிடா நிவாலிஸ் என்று நினைத்தேன். பனியின் அமானிடா என்று அர்த்தம்; அமானிடா என்பது ஃப்ளூஎசொப் இனம். குனிந்து தண்டைப் பிடித்து இழுத்தேன். பிளாஸ்டிக் பையில் போட்டேன். நாலு மணி நேரம் நடந்து, காரில் சூடு போட்டு ஓட்டி, வீட்டுக்கு வந்தேன்.

அமானிடாவின் அடையாளம் தண்டின் அடியில் இருக்கிறது. முட்டை ஓட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவதுபோல அது ஒரு உறையைக் கிழித்து எழும்புகிறது. அந்த உறை பையாக அடியில் தங்கிவிடும். நான் இழுத்த இழுப்பில் பை மண்ணுக்குள் நின்றுவிட்டது. மேல்பாதி பிளாஸ்டிக்கில் வேர்த்து நசிந்து, காலையில் கோலம் போட வேண்டிய குடையில் கையை வைத்தால் விரல் உள்ளே போனது. வித்திப் பதிவும் இல்லை, பையும் இல்லை. எங்கே எடுத்தேன் என்றும் எழுதவில்லை, ஞாபகம் இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த கோடையில் மூன்று நாள் அந்தச் சரிவைத் தேடினேன். எல்லாச் சரிவும் ஒரேமாதிரி இருந்தது. அந்தக் காளானுக்கு இன்றுவரை என்னால் பெயர் எழுத முடியவில்லை. மனசு இன்னும் ஆறவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்வது இது. தண்டைப் பிடித்து இழுப்பதில்லை. கத்தி முனையை ஒரு பக்கமாகப் பாசிக்குள் இறக்கி, அடியோடு, கொஞ்சம் மண்ணோடும் நெம்பி எடுக்கிறேன். ஒவ்வொரு வகையையும் தனித் தனியாகக் கடதாசிப் பையிலோ ரொட்டித் தாளிலோ சுற்றி, அகலக் கூடையில் வைக்கிறேன். ஒரே பையில் கலந்தால் ஒன்றின் வித்தி மற்றதன் மேல் கொட்டிக் குழப்பும். மணம் பார்ப்பது அந்த இடத்திலேயே. வீட்டுக்கு வந்தால் மாறிவிடும். வந்த உடனே பாதிக் குடையைத் தட்டில் கவிழ்க்கிறேன், மீதியைப் பழம் காயவைக்கிற சின்னப் பெட்டியில் 40 பாகைச் சூட்டில் ஒரு இரவு வைக்கிறேன். சூடு அதிகமாகிவிட்டால் வெந்துவிடும், மரபணு படிப்பது சிரமமாகும். பப்படம்போல மொறுமொறுவென்று ஆன பிறகு கடதாசி உறையில் போட்டு, மேலே பென்சிலால் எழுதுகிறேன். பேனை மை ஈரத்தில் ஊறிவிடும்.

அந்த உறையில் முதலாவது வரி காளானின் நிறம் இல்லை. எந்த நாள், எந்தச் சரிவு, கூட நின்ற செடி. மூஸ்ஓரெ என்றால் அதன் ஒரு இலையையும் அதே உறைக்குள் வைத்துவிடுகிறேன். காளான் சுருங்கி மிளகளவு ஆனாலும் இலை வட்டமாகவே இருக்கும்.